ட்ரையாப்ஸ் வளர்க்கலாம் வாங்க: சிங்கப்பூர் சூட்டுக்கு ஏத்த கைடு

ட்ரையாப்ஸ்ங்கற குட்டித் தண்ணி ஜீவன வளர்க்கிறது எப்படின்னு தேடினீங்கன்னா ஹீட்டர் வாங்குங்க, டேபிள் லேம்ப் வெச்சு தண்ணிய சூடாக்குங்கன்னுதான் எல்லா இடத்துலயும் போட்டிருக்கும், ஏன்னா அதெல்லாம் குளிரு ஊர்க்காரங்க அவங்க வீட்டுக்காக எழுதினது. நம்ம வீவக, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டு ஹால்ல ஒரு டப்பா தண்ணி வெச்சா அது பாட்டுக்கு 28 டிகிரியில நிக்கும், மதியம் 30-ஐ தாண்டும். அதனால முட்டைய பொரிக்க வைக்கிறது இங்க ரொம்ப ஈஸி, பொரிச்ச குட்டிய முதல் வாரம் தாண்ட வைக்கிறதுதான் வேலை. சூடான தண்ணியில ஆக்ஸிஜன் கம்மியாத்தான் கரையும், 20 டிகிரியில ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் கிட்ட இருக்குறது 30 டிகிரியில ஏழரைக்கு இறங்கிடும். அதே சூட்டுல போட்ட தீனியும் சீக்கிரம் கெட்டுப்போகும், கெட்டுப்போற தீனி மிச்சம் இருக்குற ஆக்ஸிஜனையும் தின்னுடும். இங்க ட்ரையாப்ஸ் சாகுதுன்னா பெரும்பாலும் இந்த வழியிலதான் சாகுது, அதனால நான் கீழ சொல்றது எல்லாமே தண்ணிய சுத்தமா வெச்சுக்குறத சுத்தியேதான் இருக்கும்.

மொதல்ல இது என்ன ஜீவன்னு கொஞ்சம் சொல்லிடுறேன், அது புரிஞ்சா பாதி வேலை தானா புரியும். இறாலு, நண்டுக்கு தூரத்து சொந்தம். முன்னாடி வட்டமா ஒரு ஓடு, பின்னாடி நீளமா உடம்பு, வாலு நுனியில ரெண்டு நூல், தலையில ரெண்டு பெரிய கண்ணும் அதுக்கு நடுவுல மூணாவதா ஒரு சின்ன கண்ணும் இருக்கும். அடியில திருப்பிப் பாத்தா ஜோடி ஜோடியா எண்ண முடியாத அளவுக்கு காலு, நிக்காம அலை மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும், அந்த காலாலதான் நீந்தும், அதாலதான் மூச்சும் விடும். இதே வடிவத்துல 30 கோடி வருஷத்துக்கு முந்தின ஃபாசில் கிடைச்சிருக்கு, டைனோசர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. இது வாழுறது மழை பெஞ்சா நிரம்பி வெயில் அடிச்சா காஞ்சு போற குட்டையில. குட்டை காயுறதுக்குள்ள பொரிச்சு வளந்து முட்டை போட்டு முடிச்சாகணும், அதனால எல்லாத்தையும் அவசர அவசரமா பண்ணும். முட்டை மட்டும் காஞ்ச மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா தூங்கும், மறுபடி மழை வந்தா முழிச்சுக்கும். நாம வீட்டுல பண்றது அந்த முட்டைக்கு மழை வந்துடுச்சுன்னு நம்ப வைக்கிறதுதான், அதுக்கு தேவை மூணு: உப்பும் மினரலும் இல்லாத தண்ணி, வெளிச்சம், கொஞ்சம் சூடு. மூணாவது நமக்கு ஃப்ரீ.

வகைன்னு பாத்தா கடையில அதிகமா வர்றது அமெரிக்கா பக்கத்து லாஞ்சிகாடேட்டஸ், ஐரோப்பாவோட கான்க்ரிஃபார்மிஸ், ஆஸ்திரேலியாவோட ஆஸ்ட்ரேலியென்சிஸ். நம்ம ஊரு பக்கமும், அதாவது இந்தியாவுலயும் கிரானேரியஸ்னு ஒன்னு இருக்கு. இங்க வளர்க்க லாஞ்சிகாடேட்டஸ் இல்லன்னா ஆஸ்ட்ரேலியென்சிஸ் எடுங்க, ரெண்டும் சூடு தாங்கும். கான்க்ரிஃபார்மிஸ் கொஞ்சம் குளிர்ச்சிய விரும்புற வகை, மத்த ஊர்ல அதைத்தான் ரொம்ப நாள் உயிரோட இருக்கும்னு புகழுவாங்க, ஆனா நம்ம மதிய சூட்டுல அதுக்கு கஷ்டம், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

முட்டை வாங்குறப்ப உள்ளூர்ல விக்கிறவங்ககிட்ட வாங்கிடுங்க. வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறதா இருந்தா ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே என்பார்க்ஸோட (தேசிய பூங்காக் கழகம்) விலங்குநல மருத்துவச் சேவை பிரிவுகிட்ட கேட்டுடுங்க, உயிரினம் இறக்குமதின்னா அவங்கதான் பாக்குறாங்க, பார்சல் வந்ததுக்கு அப்புறம் முழிக்க வேணாம். இன்னொன்னு, மீன் கடையில டப்பாவுல பிரவுன் கலர் பொடி மாதிரி ஆர்ட்டீமியா முட்டை விப்பாங்க, மீன் குஞ்சுக்கு தீனி, அதை ட்ரையாப்ஸ்னு நினைச்சு வாங்கிட்டு வந்துடாதீங்க. அது உப்புத் தண்ணி ஜீவன். ட்ரையாப்ஸுக்கு உப்பு ஆகாது, உப்புத் தண்ணியில முட்டை பொரிக்காது.

தண்ணி

ஊருல நம்ம வீட்டு பெரியவங்க பைப்பு தண்ணிய பக்கெட்ல பிடிச்சு ஒரு நாள் வெச்சா குளோரின் போயிடும், மீனுக்கு ஊத்தலாம்பாங்க. அது அங்க சரி. இங்க பியுபி (தேசிய தண்ணீர் அமைப்பு) விடுற பைப்பு தண்ணியில இருக்குறது குளோரமைன், அதாவது குளோரினோட அம்மோனியாவ சேத்தது, தண்ணி வீடு வரைக்கும் கெடாம வர்றதுக்காகவே அப்படி பண்றாங்க, அதனால ஒரு ராத்திரி வெச்சா எல்லாம் போகாது. கொதிக்க வெச்சு ஆற வெச்சாலும் அதை நம்பி குட்டிய விட முடியாது. நமக்கு குடிக்க ஒன்னும் பண்ணாது, ஆனா அரை மில்லிமீட்டர் குட்டிக்கு அது விஷம்.

அதனால பொரிக்க வைக்கிறதுக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான், சூப்பர்மார்க்கெட்ல பாட்டில்ல கிடைக்கும், லேபிள்ல டிஸ்டில்ட்னு போட்டிருக்கணும், மினரல் வாட்டர் எடுக்காதீங்க. வீட்டுல ஆர்ஓ மெஷின் இருந்தா அந்த தண்ணியும் ஓகே, ஆனா சில மெஷின் கடைசியில மினரல சேத்து விடும், அப்படின்னா அது வேணாம். பெரிய டேங்குக்கு பைப்பு தண்ணி போதும், ஆனா மீன் தொட்டி தண்ணிக்குன்னு விக்கிற கண்டிஷனர் ஊத்தணும், அந்த பாட்டில்ல குளோரமைனையும் அம்மோனியாவையும் சேத்து பாத்துக்கும்னு எழுதியிருக்கான்னு படிச்சு வாங்குங்க. குளோரினை மட்டும் எடுக்குற சாதா கண்டிஷனர் குளோரமைனை உடைச்சு அம்மோனியாவ அப்படியே தண்ணியில விட்டுடும், சூட்டுல அம்மோனியா இன்னும் மோசம்.

ஏர்கான்ல இருந்து சொட்டுற தண்ணிய பிடிச்சு அது டிஸ்டில்ட் வாட்டர் மாதிரிதானேன்னு கேக்குறவங்க நிறைய பேரு. பார்வைக்கு அப்படித்தான் தெரியும், ஆனா அந்த தண்ணி காப்பர் பைப்பு மேலயும் தூசி மேலயும் வழிஞ்சு வர்றது. காப்பர் இந்த ஜீவனுக்கு எமன். கலிஃபோர்னியா நெல்லு வயல்ல விவசாயிங்க ட்ரையாப்ஸ கொல்றதுக்கு போடுறதே காப்பர் சல்ஃபேட்தான். அதே காரணத்துக்காக மீனுக்கு போடுற வெள்ளைப்புள்ளி மருந்து, நத்தைக்கொல்லி மருந்து இதெல்லாம் பட்ட டேங்க், வலை, பைப்பு எதையும் இதுக்கு எடுக்காதீங்க. எல்லாமே புதுசா இருக்கட்டும், சோப்பு போட்டு கழுவ வேணாம், வெறும் தண்ணி போதும்.

பொரிக்க வைக்கிறது

ஒரு லிட்டர், ரெண்டு லிட்டர் பிடிக்குற அகலமான பிளாஸ்டிக் டப்பா போதும், தெளிவா உள்ள தெரியுறது நல்லது. டிஸ்டில்ட் வாட்டர் மூணு நாலு விரக்கட உயரத்துக்கு ஊத்துங்க. ஆழம் கம்மியா பரப்பு அதிகமா இருந்தா காத்துல இருந்து ஆக்ஸிஜன் நல்லா இறங்கும். முட்டை பாக்கெட்ல மணலோட கலந்து வரும், அதுல பாதிய மட்டும் தூவுங்க, மிச்சம் அடுத்த தடவைக்கு. அடியில மணல் போட்டு அதுக்குள்ள புதைக்காதீங்க, முட்டைக்கு வெளிச்சம் பட்டாத்தான் முழிக்கும்.

ஜன்னலோரம் நேர் வெயில்ல வைக்காதீங்க, ஒரு மணி நேரத்துல சின்ன டப்பா 36, 37 டிகிரிக்கு போயிடும். ஹால்ல ஒரு அலமாரி மேல வெச்சு எல்இடி லைட் ஒன்ன முதல் ரெண்டு மூணு நாளுக்கு ராத்திரி பகலா போட்டு விடுங்க. பழைய மஞ்ச பல்பு வேணாம், அது சூடாக்கும், நமக்கு வெளிச்சம் மட்டும் போதும். ஏர்கான் போடுற பெட்ரூம்ல வைக்கவே வேணாம், ராத்திரி 23, பகல்ல 31ன்னு ஏறி இறங்கினா சின்ன தண்ணி அத்தனைக்கும் கூடவே ஆடும். மீன் கடையில விக்கிற ஒட்டுற தெர்மாமீட்டர் ஒன்னு வாங்கிக்கங்க.

அதோட ஒரு நகம் அளவுக்கு காஞ்ச கெட்டாபாங் இலைத் துண்டு போடுங்க. இது குட்டிக்கு முதல் சாப்பாடு, இலைய சுத்தி கண்ணுக்கு தெரியாத நுண்ணுயிரி வளரும், குட்டி அதைத்தான் தின்னும். நம்ம ப்ளாக்குக்கு கீழயே கெட்டாபாங் மரம் நிக்கும், ஊருல நாட்டு வாதாங்கொட்டைன்னு சொல்றோமே அதேதான், ஆனா கீழ கிடக்குற இலைய எடுக்காதீங்க, டவுன் கவுன்சில் என்ன மருந்து அடிச்சிருக்குன்னு தெரியாது, பார்க்குல இருந்து எடுக்குறதும் சட்டப்படி தப்பு. சிராங்கூன் நார்த் அவென்யூ 1, கிளமெண்டி பக்கமெல்லாம் மீன் கடையில பாக்கெட்டா விப்பாங்க. பெரிய துண்டா போட்டா தண்ணி டீ கலருக்கு மாறி புளிப்பாயிடும், நகம் அளவுன்னா நகம் அளவுதான்.

இப்ப கொசு விஷயம். ஹால்ல அசையாம நிக்கிற தண்ணின்னா என்இஏ (சுற்றுப்புற வாரியம்) ஆளு கொசு சோதனைக்கு கதவு தட்டுறது நியாபகம் வரணும். ஏடிஸ் கொசு முட்டையில இருந்து பறக்குற வரைக்கும் ஒரு வாரம்தான் எடுக்கும். டப்பா மேல மெல்லிசு வலைத்துணி போட்டு ரப்பர் பேண்ட் மாட்டிடுங்க, காத்தும் போகும் கொசுவும் வராது. வளந்த ட்ரையாப்ஸ் கொசுப்புழுவ விரும்பி தின்னும்ங்கறது உண்மை, அதுக்காக வலைய எடுத்துடாதீங்க, பொரிக்கிற டப்பாவுல இருக்குறது குட்டிங்க, கொசுப்புழுவ அதுங்களால ஒன்னும் பண்ண முடியாது.

24 மணி நேரத்துல இருந்து 3 நாளைக்குள்ள பொரிக்கும். லைட்ட அணைச்சுட்டு டப்பா ஓரத்துல டார்ச் அடிங்க, வெளிச்சத்த பாத்து வரும். வெள்ளையா, லேசா ஆரஞ்சு கலர்ல, ஒரு புள்ளி வெடுக் வெடுக்குனு குதிச்சு குதிச்சு நீந்தினா அதுதான். அவரை விதை வடிவத்துல உருண்டையா ஓடுறது இருந்தா அது ஆஸ்ட்ராகாட்ங்கற வேற ஒரு குட்டி ஜீவன், மணலோட சேந்து வர்றது, ஒன்னும் பண்ணாது, விட்டுடலாம்.

முதல் வாரம்

பொரிச்ச முதல் நாள் தீனி போடவே போடாதீங்க. உடம்புலயே கொஞ்சம் சாப்பாடு கட்டிக்கிட்டுதான் வரும், இலைத் துண்டும் இருக்கு. ரெண்டாவது நாள்ல இருந்து ஸ்பிருலினாங்கற பாசிப் பொடி, ஒரு பல்குத்தி நுனிய தண்ணியில நனைச்சு பொடியில தொட்டா எவ்வளவு ஒட்டுதோ அவ்வளவு, ஒரு சின்ன மூடி தண்ணியில கரைச்சு ஊத்துங்க. தண்ணி பச்சையாவே தெரியக்கூடாது. நான் பாத்த வரைக்கும் பிள்ளைங்க வளர்க்குற டப்பா செத்துப்போறதுக்கு முதல் காரணம் பாசம்தான், பாவம் பசிக்கும்னு தாத்தா ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை, பிள்ளை ரெண்டு தடவைன்னு போட்டுடுவாங்க, காலையில பாத்தா தண்ணி பால் மாதிரி கலங்கி நாத்தம் அடிக்கும். வீட்டுல ஒரே ஆளு மட்டும் தீனி போடணும்னு முதல் நாளே முடிவு பண்ணிடுங்க.

தண்ணி கலங்கிட்டா தீனிய நிறுத்துங்க, ஒரு டிராப்பர்ல கீழ இருக்குற கசட உறிஞ்சி எடுங்க, அதே சூட்டுல இருக்குற டிஸ்டில்ட் வாட்டர் கால் பங்கு மாத்துங்க. முழுசா மாத்தாதீங்க, திடீர் மாத்தம் குட்டிக்கு ஆகாது.

வளர்ச்சிய பாக்குறதுதான் இதுல பெரிய சந்தோஷம். முதல் சில நாள் தினமும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும். மூணாவது நாலாவது நாள் உத்துப் பாத்தா வாலு தெரியும், ஓட்டோட வட்டம் தெரியும். அஞ்சாவது நாள்ல இருந்து கீழ இறங்கி மேய ஆரம்பிக்கும், அப்ப இறால் தீனி உருண்டைய நசுக்கி கடுகளவு போடலாம். இந்த நேரத்துலதான் ஒன்ன ஒன்னு தின்ன ஆரம்பிக்கும். பெருசா வளந்தது சின்னத தின்னும், இதை தடுக்க முடியாது, டப்பா பெருசா இருந்தா கொஞ்சம் குறையும். இருபது பொரிச்சு கடைசியில மூணோ நாலோ மிஞ்சுறது சாதாரணம், பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

டேங்க்

நாலு வளந்த ட்ரையாப்ஸுக்கு 10 லிட்டர் வெச்சுக்கங்க. மத்த ஊர்ல ஒன்னுக்கு 2 லிட்டர் போதும்பாங்க, நம்ம சூட்டுல அது நெருக்கம். உயரமான டேங்க விட அகலமானது எடுங்க. அடியில ரெண்டு சென்டிமீட்டர் மெல்லிசு மணல், தண்ணி தெளியுற வரைக்கும் அலசினது, பவளத் தூளோ கலர் சாயம் போட்ட கல்லோ வேணாம். கூரான கல்லு போட்டா ஓட்டுல கீறும். சின்ன ஏர் பம்ப், அதோட ஸ்பாஞ்ச் ஃபில்டர், குமிழி மெதுவா வர்ற மாதிரி திருகி வைங்க. பின்னாடி தொங்குற ஃபில்டர் குட்டிய உறிஞ்சிடும்.

டேங்க குறைஞ்சது ஒரு வாரம் முன்னாடியே ஓட விடுங்க, முட்டைய தண்ணியில போடுற அன்னிக்கே டேங்கையும் ரெடி பண்ணிட்டா சரியா இருக்கும். தண்ணி பாதிக்குப் பாதி டிஸ்டில்டும் கண்டிஷனர் போட்ட பைப்பு தண்ணியுமா கலந்துக்கங்க, பொரிக்கிறதுக்கு மினரல் இல்லாத தண்ணி வேணும்னாலும் வளர்றப்ப ஓடு கட்ட கால்சியம் வேணும்.

அஞ்சாவது நாள்ல இருந்து டேங்கு தண்ணிய ஒரு கால் டம்ளர் எடுத்து குட்டி டப்பாவுல தினமும் சேத்துக்கிட்டே வாங்க. குட்டி ஒரு சென்டிமீட்டர் ஆனதும், அதாவது ஏழு எட்டு நாள்ல, ஒரு கரண்டியில தண்ணியோட அள்ளி மெதுவா டேங்குல விடுங்க. வலையில பிடிக்காதீங்க, காலு சிக்கிக்கும்.

செடி வெச்சா தோண்டிப் போட்டுடும், மணல கிளறிக்கிட்டே இருக்குறதுதான் அதோட குணம். இந்த ஒரே குணத்த ரெண்டு ஊரு ரெண்டு விதமா பாக்குது. ஜப்பான்ல நாத்து நட்டு விடுறதால நெல்லு ஏற்கனவே உயரமா இருக்கும், அதனால ட்ரையாப்ஸ் களைய மட்டும் புடுங்கிப் போடும், தண்ணியவும் கலக்கி விட்டு புதுக் களைக்கு வெளிச்சம் போகாம பண்ணிடும், விவசாயிக்கு நல்ல கூட்டாளி. கலிஃபோர்னியாவுல விதைய ஏரோப்ளேன்ல இருந்து தண்ணிக்குள்ளயே தூவுறாங்க, அங்க முளைச்ச பிஞ்சு நெல்லையே கிளறி மேல கொண்டு வந்துடும், அதான் மேல சொன்ன மாதிரி காப்பர் போட்டு கொல்றாங்க. நம்ம டேங்குக்கு மிதக்குற செடி போதும், வேர் தேவை இல்ல. மீன், செர்ரி இறால் எதையும் கூட விடாதீங்க, மீன் இதை கடிக்கும், இது இறால தின்னும்.

மதிய சூட்டுக்கு ஐஸ் போடாதீங்க. மேற்கு பாத்த வீடுன்னா டேங்க சமையலறைக்கும் ஜன்னலுக்கும் தள்ளி உள்பக்க சுவரோரம் வைங்க, தண்ணி மேல படுற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வெச்சா ரெண்டு மூணு டிகிரி குறையும். ஃபேன் போட்டா தண்ணி வேகமா ஆவியாகும், குறையுறத டிஸ்டில்ட் வாட்டர்ல நிரப்புங்க, பைப்பு தண்ணிய மேல மேல ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும். ட்ரையாப்ஸ் தலைகீழா மேல வந்து நீந்திக்கிட்டே இருந்தா, இல்ல உடம்பு வழக்கத்த விட சிவப்பா தெரிஞ்சா, ஆக்ஸிஜன் குறைஞ்சிடுச்சுன்னு சந்தேகப்படுங்க. ஆக்ஸிஜன் குறைஞ்சா ரத்தத்துல ஹீமோகுளோபின கூட்டிக்கும், அந்த சிவப்பு அதான். சும்மா ரெண்டு நிமிஷம் தலைகீழா வந்து மேல மிதக்குற தீனிய தின்னுட்டு போறது சகஜம், அதுக்கு பயப்பட வேணாம்.

கீழ வாய்டெக்குலயோ (ப்ளாக்கோட திறந்த கீழ்த்தளம்) புல்வெளியிலயோ டெங்கிக்கு புகை அடிக்கிறப்ப உடனே எழுந்து போய் ஜன்னல மூடுங்க, டேங்க ஒரு துணியால மூடி ஏர் பம்ப அரை மணி நேரம் நிறுத்துங்க, புகை உள்ள வந்திருந்தா அது முழுசா போனதுக்கு அப்புறம் பம்ப போடுங்க. அந்த புகையில இருக்குற பூச்சி மருந்து இறாலு, நண்டு, ட்ரையாப்ஸ் வகைக்கு நமக்கு நினைச்சுப் பாக்க முடியாத அளவுக்கு கொடியது, ஏர் பம்ப் அதை நேரா தண்ணிக்குள்ள தள்ளும். வீட்டுல கொசுவர்த்தி, ப்ளக்ல மாட்டுற லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே இதுவும் அதே குடும்பம், டேங்க் இருக்குற ரூம்ல நிறுத்தியே ஆகணும். தண்ணிக்குள்ள கை விடுறப்ப சானிடைசர், லோஷன் இல்லாத கையா இருக்கணும்.

தீனி, ஓடு கழட்டுறது

டேங்குக்கு வந்ததுக்கு அப்புறம் பசி பயங்கரமா இருக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, ஒரு மணி நேரத்துல தின்னு முடிக்கிற அளவு, மிஞ்சினத எடுத்துடுங்க. இறால் உருண்டை, ஸ்பிருலினா வில்லை, ஐஸ்ல உறைஞ்ச ரத்தப்புழு வாரம் ரெண்டு தடவை, கேரட்ட மெல்லிசா சீவி ஒரு துண்டு. சாதம், ரொட்டி வேணாம், தண்ணிய கெடுக்கும். மூணு நாளைக்கு ஒரு தடவை கால் பங்கு தண்ணி மாத்துங்க, நம்ம ஊருக்கு வாரம் ஒரு தடவைங்கறது பத்தாது.

ஒரு நாள் காலையில அக்கா மவன் ஓடி வந்து, மாமா, ஒன்னு செத்துப்போச்சு, வெள்ளையா கிடக்குன்னு கண்ணு கலங்கி நின்னான். போய் பாத்தா அது கழட்டிப் போட்ட ஓடு, கண்ணு இருந்த இடம், வாலு நூலு வரைக்கும் அச்சு அசலா அப்படியே இருந்துச்சு, ஓட்டுக்கு சொந்தக்காரன் அந்தாண்ட மேஞ்சுக்கிட்டு இருந்தான். சின்ன வயசுல கிட்டத்தட்ட தினமும் கழட்டும், வளர வளர குறையும். கழட்டின ஓட்ட விட்டு வைங்க, அதையே தின்னு கால்சியத்த திரும்ப எடுத்துக்கும். கழட்டின கொஞ்ச நேரம் உடம்பு மெத்துன்னு இருக்கும், மத்தது கடிக்க வரும், அதனால ஒளிஞ்சுக்க ஒரு பெரிய கெட்டாபாங் இலை டேங்குல கிடக்கட்டும், 10 லிட்டருக்கு ஒரு இலை பிரச்சனை இல்ல. பாதி கழட்டி மாட்டிக்கிட்டு சாகுறது நடந்தா தண்ணியில ஆக்ஸிஜனோ கால்சியமோ கம்மின்னு அர்த்தம், பம்ப கூட்டுங்க, பைப்பு தண்ணி பங்க கொஞ்சம் ஏத்துங்க.

ஆயுசு இங்க ஒன்னுல இருந்து ரெண்டு மாசம். ஜூன் லீவு முதல் வாரத்துல ஆரம்பிச்சா ஸ்கூல் திறக்குறதுக்குள்ள முட்டை போட ஆரம்பிச்சிருக்கும், பிரைமரி பிள்ளைங்களுக்கு நல்ல கணக்கு. டிசம்பர்ல ஊருக்குப் போறதா இருந்தா அந்த லீவுல ஆரம்பிக்காதீங்க, ரெண்டு நாளுக்கு மேல ஆள் இல்லாம விட முடியாது.

முட்டைய எடுத்து வைக்கிறது

பத்து, பன்னெண்டு நாள்ல இருந்து அடிப்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் சிவப்பா, இளஞ்சிவப்பா முட்டைப் பை தெரிய ஆரம்பிக்கும், பதினோராவது ஜோடி காலுல இருக்குறது. ஆண் வேணும்னு இல்ல, நிறைய லாஞ்சிகாடேட்டஸ் இனம் ஒன்னே ஒன்னு இருந்தாலும் பொரிக்கிற முட்டை போடும். மணல்ல குழி தோண்டி போட்டுட்டுப் போகும், தெரியக்கூட தெரியாது.

கடைசி ட்ரையாப்ஸ் போனதுக்கு அப்புறம் தண்ணிய மெதுவா வடிச்சு எடுங்க. அந்த தண்ணிய பாத்ரூம் டாய்லெட்லயே ஊத்துங்க, அது கழிவுநீர் ஆலைக்குப் போயிடும். கீழ லோங்காங்ல, அதாவது மழைத்தண்ணி போற வடிகால்ல ஊத்தினா மழைத்தண்ணியோட நீர்த்தேக்கம் வரைக்கும் போகும், உயிரோட இருக்குறதையோ முட்டையையோ அங்க விடுறது இங்க இருக்குற ஜீவனுக்கு ஆபத்து, சட்டமும் அனுமதிக்காது. தேவையில்லாத மணல பையில கட்டி குப்பையில போட்டுடுங்க, நம்ம குப்பை எரிக்கப்படுறதால முட்டை எங்கயும் தப்பிச்சுப் போகாது.

மிச்ச மணல காய வைக்கிறதுதான் இங்க பொறுமை வேணுங்கற வேலை. மத்த ஊர்ல ரெண்டு நாள்ல காஞ்சிடும், நம்ம ஈரக்காத்துல குவிச்சு வெச்சா உள்ள பூஞ்சை பிடிக்கும். ஒரு தட்டுல பேப்பர் விரிச்சு அரை சென்டிமீட்டருக்கு மேல போகாம பரப்புங்க, மேல வலைத்துணி, ஃபேன் காத்து படட்டும், தினமும் ஒரு ஸ்பூனால கிளறி விடுங்க. வெயில்ல வைக்கணும்னு இல்ல, அடுப்பு, ஹேர்ட்ரையர் பக்கம் போகாதீங்க. கையில எடுத்து விட்டா பொலபொலன்னு விழுந்தா காஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் பேப்பர் கவர்ல போட்டு, அதை சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட ஒரு இறுக்கமான டப்பாவுல வெச்சு தேதி, வகை எழுதி வைங்க. கேமரா வைக்கிற ட்ரை கேபினெட் வீட்டுல இருந்தா அதுல ஒரு மூலை போதும்.

குறைஞ்சது மூணு நாலு வாரம் காஞ்சு கிடக்கட்டும், அப்புறம் ஒரு ஸ்பூன் மணல டிஸ்டில்ட் வாட்டர்ல போட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். எல்லா முட்டையும் ஒரே தடவையில பொரிக்காது, அது வேணும்னே அப்படித்தான், ஒரு மழை ஏமாத்திட்டா அடுத்த மழைக்குன்னு ஒரு பங்கு உள்ளயே தூங்கும். அதனால ஒரு வாரம் பாத்தும் எதுவும் வரலன்னா மணல தூக்கிப் போட்டுடாதீங்க, திரும்ப அதே மாதிரி தட்டுல காய வெச்சு, இன்னும் நாலு வாரம் கழிச்சு புதுத் தண்ணியில போட்டுப் பாருங்க.